நூல் எவ்வளவு நீளும்? ராஜபாளையம் வட்டாரத்தில் இழையை அளந்த வரலாறு

பருத்தி நூலை இழுத்தால் அறுவதற்கு முன் கொஞ்சம் நீளும். அரை மீட்டர் நூல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீண்டபின் அறும். முதலில் இருந்த நீளத்தில் எத்தனை பங்கு கூடியது என்ற இந்தக் கணக்குக்கு இயற்பியல் பாடநூல்கள் திரிபு என்று பெயர் வைத்திருக்கின்றன. மில்களில் அதையே எலாங்கேஷன் என்பார்கள். ஐம்பது சென்டிமீட்டரில் இரண்டரை கூடினால் திரிபு 5 சதவீதம். ராஜபாளையத்து மில் நூலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறியின் பாவும் அறாமல் ஓடுவது இந்த 5 சதவீதத்தின் தயவில்தான். ஆனாலும் நூல் எவ்வளவு பளு தாங்கும் என்பதற்கு நூறாண்டுக் கணக்கு இருக்கிற இந்த வட்டாரத்தில், எவ்வளவு நீளும் என்பதற்கான கணக்கு மிகவும் தாமதமாகவே வந்தது. நீட்சியை அளக்க ஒரு கருவியை நூலில் மாட்டினால் அந்தக் கருவியே நூலை இழுத்துவிடும். தொடாமல் அளக்கும் வழி பிறந்தபிறகே மெல்லிய இழைகளின் நீட்சியை நம்பி எழுத முடிந்தது.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. கிழக்கே போகப்போகச் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் விரிகிறது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதி திருநெல்வேலியோடு இருந்தது. இங்கே விளைந்த பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, இங்கிலாந்துச் சந்தையில் திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில், சுருக்கமாக 'டின்னீஸ்' என்று விலைபோனது. கருங்கண்ணியும் உப்பமும் பழைய ரகங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து சேர்ந்தது. 1901-இல் கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை கரிசல் பருத்தியைத் தேர்ந்து மேம்படுத்தும் வேலையில் இறங்கியது. பஞ்சு வியாபாரிக்கு அந்தக் காலத்தில் விரல்தான் கருவி. ஒரு சிட்டிகைப் பஞ்சை இரு கைக் கட்டைவிரல்களாலும் இழுத்துப் பிரித்து, திரும்ப அடுக்கி, மறுபடி இழுப்பார். இழை எவ்வளவு நீளம், எவ்வளவு உரம் என்பதை அந்த நாலைந்து இழுப்பிலேயே சொல்லிவிடுவார்.

நெசவாளருக்கும் விரல்தான். பாவு ஓட்டி, தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு ஆற்றும் வேலை விடியற்காலையிலேயே நடக்கும். வெயில் ஏறினால் நூலின் ஈரம் போய்விடும். பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏற்கிற பொருள். அந்த ஈரம் இருக்கும்வரை அது உரமாகவும் இருக்கும், இழுப்புக்கு இடமும் கொடுக்கும். காய்ந்த பாவு முறுகி அறும். தறியில் ஒவ்வொரு முறை மிதியை மிதிக்கும்போதும் பாவிழைகளில் ஒரு பாதி மேலேயும் மறுபாதி கீழேயும் விலக, நடுவில் நாடா ஓடும் வழி திறக்கிறது. அப்படி விலகும்போது ஒவ்வொரு இழையும் சிறிது நீண்டு, மூடும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு சேலை இறங்குவதற்குள் ஒரே இழை ஆயிரக்கணக்கான முறை இப்படி நீண்டு சுருங்குகிறது. இழை அறுவது பெரும்பாலும் பளு தாங்காமல் அல்ல, நீள இடமில்லாமல். கஞ்சி அதிகமானால் நூல் விறைத்து நீட்சியை இழக்கும், குறைந்தால் இழை பிசிறும். நடுவில் இருக்கிற அந்தப் பதத்தைக் கைத்தறிக்காரர்கள் பாவின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அது துல்லியமான அறிவு. ஆனால் எண்ணாக எழுதி அடுத்தவரிடம் கொடுக்க முடியாத அறிவு.

நூலை எண்ணால் மதிப்பிடும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோனதில் கதர் இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1925 செப்டம்பரில் பாட்னாவில் தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தில் முதல் வகை உறுப்பினராகச் சேர, மாதம் 1,000 கஜம் நூலைத் தானே நூற்றுச் சந்தாவாகத் தரவேண்டும். நூல் சீராகவும் நன்றாக முறுக்கேறியும் இருக்கவேண்டும் என்பது விதி. வந்த சிட்டங்களின் எண், சீர்மை, வலிமை மூன்றும் பார்க்கப்பட்டன. 1927-இல் காந்தி தமிழ்நாட்டைச் சுற்றிவந்தபோது ராஜபாளையத்துக்கும் வந்தார். பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான பி.எஸ். குமாரசாமி ராஜா அந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றமாகக் கொடுத்தவர். வீட்டுத் திண்ணையில் நூற்ற நூலுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வேர்விட்டது. அந்த மதிப்பெண்ணில் நீட்சிக்கு இடமில்லை.

அதே 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அந்தப் பாதையில் வந்தன. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1939-இல் ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்ஸ் வந்தது. ஒன்று நூலுக்கு, மற்றொன்று மருத்துவப் பஞ்சுக்கு. வட்டாரத்தின் பிற்காலத் தொழில் முழுவதும் இந்த இரண்டு வழிகளில்தான் போயிற்று.

மில்லோடு லங்காஷயரின் அளவைகளும் வந்தன. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே நூலின் கவுண்ட். நாற்பது அடங்கினால் நாற்பதாம் நம்பர். சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு, 120 கஜம், ஒரு லீ. சோதனைக்கு ஒன்றரை கஜம் சுற்றளவுள்ள ராட்டையில் எண்பது சுற்றுச் சுற்றி லீயை எடுப்பார்கள். அந்தக் கண்ணியை மேலும் கீழுமாக இரண்டு கொக்கிகளில் மாட்டுவார்கள். கீழ்க்கொக்கி நிமிடத்துக்கு 12 அங்குலம் வேகத்தில் இறங்கும். மேல்கொக்கியோடு இணைந்த கனமான ஊசல் பக்கவாட்டில் உயர்ந்துகொண்டே போகும். 160 இழைகள் சேர்ந்து இழுபடும்போது முதலில் ஒன்றிரண்டு மெல்லிய சத்தத்தோடு அறும், பிறகு பலவும் சேர்ந்து அறும். ஊசல் நின்ற இடத்தில் பல்சக்கரத்தில் பூட்டு விழுந்து அதைக் கீழே வராமல் பிடித்துக்கொள்ளும். முள் காட்டுகிற பவுண்டை எழுதிக்கொண்டு கவுண்டால் பெருக்கினால் சி.எஸ்.பி. நாற்பதாம் நம்பர் நூலின் லீ 60 பவுண்டு தாங்கினால் சி.எஸ்.பி. 2,400. நூல் விற்பவரும் வாங்குபவரும் பேரம் பேசியது இந்த எண்ணை வைத்துத்தான். இன்றும் பேசுகிறார்கள்.

லீ சோதனை மலிவானது, விரைவானது. ஒரே இழுப்பில் 120 கஜம் நூலைச் சோதித்துவிடுகிறது. ஆனால் அது மறைப்பவை அதிகம். முதல் இழை அறுந்ததும் அதன் கண்ணி தளர்கிறது. பக்கத்து இழைகளின் உராய்வு மட்டும் அதைப் பிடித்திருக்கிறது. ஆகவே முள் காட்டுவது 160 இழைகளின் கூட்டு வலிமையும் அல்ல, ஒற்றை இழையின் வலிமையும் அல்ல. நீட்சியை அந்தக் கருவி சொல்வதே இல்லை. நீளாத நூல் ஒன்றும் நன்றாக நீளும் நூல் ஒன்றும் ஒரே சி.எஸ்.பி.யோடு சந்தைக்குப் போகலாம். எது அறும் என்பது தறியில் ஏறியபின்தான் தெரியும். நூலுக்கு ஒற்றை எண்ணை முத்திரையாக வைத்தது வியாபாரத்துக்கு வசதியாக இருந்தது. அதன் செலவைச் சுமந்தவர் அறுந்த இழையைத் தேடிப் பிணைத்துக்கொண்டிருந்த நெசவாளர்.

இந்தக் குறையை ஆராய்ச்சியாளர்கள் ஆரம்பத்திலேயே கண்டார்கள். 1921-இல் அமைந்த இந்திய மத்தியப் பருத்திக் குழு, 1924-இல் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்தது. நாட்டின் பருத்தி ரகங்களை நூற்றுப் பார்த்துச் சோதிப்பது அதன் வேலை. இன்று சிர்காட் என்ற பெயரில் இயங்குவது அதுதான். இங்கிலாந்தின் ஷெர்லி ஆய்வகத்தில் எஃப்.டி. பியர்ஸ் 1926-இல் ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார். நூலின் வலிமை அதன் மிக மெலிந்த இடத்தின் வலிமை. நீளமான துண்டை எடுத்தால் மெலிந்த இடம் அகப்படும் வாய்ப்பு அதிகம், ஆகவே நீளத் துண்டு குறைந்த பளுவிலேயே அறும். எவ்வளவு நீளத் துண்டு என்று சொல்லாமல் நூலின் வலிமையைச் சொல்வதில் பொருளில்லை என்று ஆயிற்று. ஒற்றை இழைச் சோதனைக்கு 500 மில்லிமீட்டர் என்று பொதுவான நீளம் வகுக்கப்பட்டதும், இழை சுமார் இருபது விநாடியில் அறும்படி வேகத்தை வைக்கவேண்டும் என்ற விதி வந்ததும் இந்த வழியில்தான். 1956-இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா தொடங்கியபின் தென்னிந்திய மில்களுக்கு இந்தத் தர அளவுகள் பக்கத்திலேயே கிடைத்தன. இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கென்று சோதனை அறையின் காற்றுக்கும் ஒரு அளவு வகுக்கப்பட்டது. 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம். விடியற்காலையில் பாவை ஆற்றிய நெசவாளர் கையால் பிடித்த பதமே பூட்டிய அறைக்குள் எண்ணாக வந்து சேர்ந்தது.

ஒற்றை இழையை இழுக்கத் தொடங்கியதும் புதுச் சிக்கல் தலைகாட்டியது. நூலின் இரு முனையும் இரண்டு தாடைகளுக்குள் இருக்கின்றன. கீழ்த்தாடை எவ்வளவு நகர்ந்ததோ அதுவே நீட்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் தாடைக்குள் நூல் மெல்ல நழுவுகிறது. ஊசல் இயந்திரத்தில் மேல்தாடையும் சேர்ந்து நகர்கிறது. தாடையின் ஓரத்தில் நசுங்கிய பகுதி மற்ற இடத்தைப் போல நீள்வதில்லை. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரின் வடத்தைப் பிடித்து இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். முன்வரிசை சில எட்டுகள் வைத்தபின்னும் தேர்ச்சக்கரம் அசையாமல் இருக்கும். அத்தனை எட்டும் வடத்தின் தளர்வை எடுக்கவும் வடத்தை நீட்டவும் போய்விடும். வடம் பிடித்தவர் நடந்த தூரம் தேர் நகர்ந்த தூரம் அல்ல. தாடை நகர்ந்த தூரமும் அப்படித்தான் நூலின் நீட்சி அல்ல.

எஃகுக் கம்பியைச் சோதிப்பவர்கள் இதை வேறு விதமாகத் தீர்த்தார்கள். ராஜபாளையத்தில் 1963-இல் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் போன்ற இடங்களில் மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் செய்கிற முதல் சோதனைகளில் ஒன்று மென் எஃகுக் கம்பியை இழுத்து அறுப்பது. கம்பியின் நடுவில் எக்ஸ்டென்சோமீட்டர் என்ற கருவியைத் திருகுகளால் பிடிக்கவைப்பார்கள். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே கம்பி நீள்வதை டயல் காட்டும். தாடை நழுவலோ இயந்திரச் சட்டத்தின் வளைவோ இதில் சேராது. ஆனால் கம்பி நெகிழத் தொடங்கியதும் கருவியைக் கழற்றிவிடவேண்டும். கம்பி அறுகிற அதிர்ச்சியில் கருவி உடைந்துவிடும். ஆக மிகவும் முக்கியமான கடைசிக் கட்டம் அளக்கப்படாமலே போகும். எஃகுக்கே இந்த நிலை. ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தடிமனுள்ள நாற்பதாம் நம்பர் நூலில் அந்தக் கருவியைக் கவ்வவைத்தால், அளக்கத் தொடங்குமுன்பே நூல் கருவியின் எடையில் தொங்கும். 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் சிம்மன்ஸும் ரூஜும் தனித்தனியே கண்ட, நீட்சியை மின்தடை மாற்றத்தால் அறியும் ஸ்ட்ரெயின் கேஜையும் நூலில் ஒட்டமுடியாது, பசை காய்ந்தாலே அந்த இடம் கட்டையாகிவிடும். ஆனால் அது நூல் சோதனைக்குள் வேறு வழியாக நுழைந்தது. பாராசூட் துணிகளைச் சோதிக்கும் தேவையிலிருந்து ஹிண்ட்மன், பர் என்ற இருவர் 1946-இல் நிறுவிய இன்ஸ்ட்ரான் கம்பெனியின் இயந்திரத்தில் ஊசலுக்குப் பதிலாக ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய உலோகக் கட்டை பளுவை அளந்தது. மேல்தாடையின் ஆட்டம் ஒழிந்தது. நழுவல் மட்டும் ஒழியவில்லை.

கை படாமல் நூலை அறியும் முதல் வெற்றி நீட்சியில் வரவில்லை, தடிமனில் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரக் கம்பெனி 1940-களில் செய்த கருவியில் நூல் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே எதையும் தொடாமல் ஓடும். தகடுகளுக்கு இடையிலான மின்தேக்கம் நூலின் கனத்துக்கேற்ப ஏறி இறங்கும். அதைக் காகிதத்தில் வரைகோடாகப் பார்க்கலாம். 1957-இல் அந்தக் கம்பெனி உலகத்து மில்களின் நூல் தரத்தை ஒப்பிடும் அட்டவணையை முதல்முறை வெளியிட்டது. மில்களில் இன்று ஊஸ்டர் என்றால் ஊர் ஞாபகம் யாருக்கும் வருவதில்லை. நூல் சோதனைக்கே அது பெயராகிவிட்டது.

பஞ்சின் இழைக்கும் ஒளி வந்தது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் கே.எல். ஹெர்ட்டல் 1940-இல் செய்த ஃபைப்ரோகிராஃப், சீப்பில் பிடித்த இழைக்கற்றையின் ஊடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைகிறது என்பதிலிருந்து இழை நீளத்தைச் சொன்னது. பஞ்சு வியாபாரியின் கட்டைவிரல் செய்த வேலையை ஒளி ஏற்றுக்கொண்டது. இதற்கு இந்த வட்டாரத்தில் நேரான சாட்சி உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதன் ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்ற ஊர்ப்பெயரின் எழுத்துகளோடு வெளிவருகின்றன. 1996-இல் வந்த எஸ்.வி.பி.ஆர். 2 அவற்றில் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்தது. ஒரு ரகத்தை வெளியிடும்போது விளைச்சல், வயது, பூச்சி தாங்கும் தன்மை இவற்றோடு 2.5 சதவீத நீளம் என்று ஒரு எண்ணும் எழுதப்படுவது வழக்கம். அது ஃபைப்ரோகிராஃப் தந்த அளவு. கற்றையில் நூற்றுக்கு இரண்டரை இழை மட்டும் எட்டுகிற தூரம். வயலில் வெடித்த பஞ்சுக்கு ஒளியால் எழுதப்பட்ட ஜாதகம் அது. இழைக்கற்றையின் வலிமையையும் நீட்சியையும் சேர்த்துச் சொல்லும் ஸ்டெலோமீட்டரும் ஹெர்ட்டலின் கைவேலைதான். அதில் இழைகளைத் தோல் பதித்த தாடைகளில் இறுக்கவேண்டும். நீளத்தைத் தொடாமல் அளந்தவராலும் நீட்சியைத் தொடாமல் அளக்கமுடியவில்லை.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் பேண்டேஜ் துணித் தறிகளின் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகும் காஸ், பேண்டேஜ் துணிகளில் கணிசமான பங்கு இந்த ஊர்களின் விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. இது மிகவும் தளர்ந்த நெசவு. துணியை ஒளிக்கெதிரே பிடித்தால் இழைகளைவிட இடைவெளியே அதிகமாகத் தெரியும். மருந்துச் சட்ட விதிகள் இந்தத் துணிகளுக்குத் தரம் வகுத்திருக்கின்றன. பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, சதுர மீட்டர் எவ்வளவு எடை, தண்ணீரில் போட்டால் எத்தனை விநாடியில் மூழ்கும் என்று பார்க்கிறார்கள். வெளுத்த காஸ் பத்து விநாடிக்குள் மூழ்கவேண்டும்.

க்ரேப் பேண்டேஜில் நீட்சியே சரக்கு. அதன் பாவில் மிக அதிகமாக முறுக்கிய நூல்கள் போகின்றன. நனைத்ததும் முறுக்குகள் சுருண்டு துணியைச் சுருக்கிவிடும். சுளுக்கிய கணுக்காலில் சுற்றும்போது நீண்டு, பிறகு மெதுவாகத் திரும்ப இறுக்குவது இதனால்தான். இதைச் சோதிக்கும் முறை எளிது. துணியைத் தொங்கவிட்டு, குறிப்பிட்ட பளு கொடுத்து, முழுதாக நீண்ட நீளத்தை அளப்பார்கள். பளுவை எடுத்து, துணியை மேசையில் தளர்வாகக் கிடத்தி, சற்றுநேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். தாடைக்குப் பக்கத்தில் கசங்கிய பகுதி கணக்கில் சேராமலிருக்க, துணியின் நடுவில் இரண்டு மைக்கோடுகள் போட்டு அவற்றின் இடைவெளியை மட்டும் அளப்பதும் உண்டு. அந்த இரண்டு கோடுகளில் இந்த வரலாற்றின் திருப்பம் இருக்கிறது. துணியில் எதையும் மாட்டவில்லை, கவ்வவில்லை. குறி துணியின் மேல் இருக்கிறது, கண் விலகி நிற்கிறது. கணினியோடு இணைந்த கேமரா செய்வதும் இதே வேலைதான்.

குறி போடுவதிலும் நுணுக்கம் உண்டு. கோராத் துணியில் பருத்தியின் மெழுகும் கஞ்சியும் இருப்பதால் மைக்கோடு கோடாகவே நிற்கும். வெளுத்த துணியிலோ நீர் மையால் கோடு போட்டால் அது நொடியில் இழைவழியே ஊறிப் பரவிவிடும். திரவத்தை உறிஞ்சுவதுதானே அந்தத் துணியின் தொழில். பரவிய கோட்டில் எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்ற குழப்பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போய்விடும். நூறு மில்லிமீட்டர் இடைவெளியில் அது ஒன்றிரண்டு சதவீதப் பிழை. வண்ண இழை ஒன்றைத் தைத்தோ எண்ணெய் மையை மெல்லத் தொட்டோ இதைத் தவிர்க்கலாம்.

விலகி நின்று அளக்கும் கண் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பலரும் பழகிய ஒன்று. சட்டத்தின் நடுவில் மெழுகால் ஒரு குண்டூசியை நிறுத்தி, எடைகளை ஏற்றி, நகரும் நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பியை ஊசிமுனையில் பொருத்தி வாசிக்கும் யங் குணகச் சோதனை அது. நுண்ணோக்கி சட்டத்தைத் தொடுவதில்லை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை சொல்கிறது. நூலின் மேல் இரண்டு புள்ளி வைத்து இரண்டு நுண்ணோக்கிகளால் பின்தொடர்ந்தால் நீட்சி கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் இழுப்பை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் பருத்தி இழை மெல்லத் தளர்ந்துகொள்ளும். இருபது விநாடியில் அறவேண்டிய நூல் கண் வாசிக்கும்வரை காத்திருக்காது.

கண்ணின் வேகக் குறையை லேசரும் வீடியோவும் போக்கின. 1980-களுக்குப் பிறகு பரவிய வீடியோ எக்ஸ்டென்சோமீட்டர், துணியிலோ கம்பியிலோ உள்ள இரண்டு குறிகளைக் கேமராவால் விடாமல் பின்தொடர்ந்து, விநாடிக்குப் பல முறை இடைவெளியைக் கணக்கிடும். பொருள் அறும்வரை அளக்கலாம், அறுந்தாலும் கருவிக்குச் சேதமில்லை. இதைவிடப் பெரிய மாற்றம் டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷன், சுருக்கமாக டி.ஐ.சி. இரண்டு குறிகளுக்குப் பதில் பரப்பு முழுவதும் ஒழுங்கற்ற கரும்புள்ளிகளைத் தெளித்து, இழுப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுப்பார்கள். படத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் புள்ளிக்கோலமும் அடுத்த படத்தில் எங்கே போயிருக்கிறது என்று கணினி தேடும். பரப்பின் எந்த இடம் எவ்வளவு நீண்டது, எந்த இடம் சுருங்கியது என்ற வரைபடமே கிடைத்துவிடும்.

இந்த முறைக்கு அடித்தளமிட்ட கட்டுரையை 1982-இல் பீட்டர்ஸ், ரான்சன் என்ற இருவர் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டார்கள். மைக்கேல் சட்டன் உள்ளிட்ட குழுவினர் அதை வளர்த்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா நகரமும் பருத்தி மில் ஊர்தான். உலகில் முழுக்க மின்சாரத்தால் இயங்கிய முதல் மில்களில் ஒன்று 1894-இல் அங்கே திறந்தது. அந்தக் கட்டடம் இப்போது மாநில அருங்காட்சியகம். தமிழ்நாட்டில் ஒளியால் பொருள்களின் தகைவையும் திரிபையும் அறியும் துறைக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்னோடி. அங்கே ஆர்.எஸ். சிரோகி லேசர் ஒளியின் மினுக்குப்புள்ளிகளை வைத்து ஆராய்ந்தார். கே. ராமேஷின் டிஜிட்டல் ஒளி மீட்சியியல் நூல் 2000-இல் வெளிவந்தது.

கேமராவுக்கு எஃகு எளிதா, நூல் எளிதா என்று கணக்குப் போட்டால் விடை வியப்பூட்டும். ஐம்பது மில்லிமீட்டர் நீளத்தை ஆயிரம் பிக்சலில் படமெடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பிக்சல் 0.05 மில்லிமீட்டர். மென் எஃகு நெகிழும் வரை நீள்வது சுமார் 0.125 சதவீதம், படத்தில் ஒன்றேகால் பிக்சல்தான். பருத்தி நூலின் 5 சதவீதம் ஐம்பது பிக்சல். நீளவாட்டில் நூல்தான் கேமராவுக்கு நண்பன். அகலவாட்டில் நிலைமை தலைகீழ். பியர்ஸின் சூத்திரப்படி நாற்பதாம் நம்பர் நூலின் விட்டம் 0.14 மில்லிமீட்டர், படத்தில் மூன்று பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதில் புள்ளிக்கோலம் தெளிக்க இடமேது? ஒற்றைப் புள்ளி வைத்தாலும், இழுபடும்போது முறுக்கு கனமான இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்கு நகர, நூல் உருண்டு புள்ளி பின்பக்கம் போய்விடும். நூலைச் சுற்றி வளையமாகக் குறி போடுவதே நம்பகமான வழி.

பேண்டேஜ் துணிக்குச் சிக்கல் வேறு. தெளித்த பெயின்ட் இழைகளின் சந்திப்புகளை ஒட்டிவிட்டால் துணியின் நீட்சியே மாறிப்போகும். நீளும்போது துணி அகலத்தில் சுருங்குகிறது, ஓரங்கள் சுருண்டு கேமராவை நோக்கி எழுகின்றன. கேமராவுக்கு அரை மில்லிமீட்டர் நெருங்கி வந்த துணி, நீளாமலே நீண்டதுபோலப் படத்தில் தெரியும். இரண்டு கேமராக்களை இரு கோணத்தில் வைத்து ஆழத்தையும் கணக்கில் எடுப்பது இதற்காகத்தான். புள்ளிக்குப் பதில் துணியின் இழைக்கட்டத்தையே கோலமாகக் கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் கட்டம் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இருப்பதால் கணினி ஒரு கட்டத்தைப் பக்கத்துக் கட்டமென்று மயங்கிவிடும். ஒழுங்கின்மைதான் இங்கே அடையாளம்.

நாடா இல்லாத தறிகள் வந்தபின் எலாங்கேஷன் எண்ணுக்கு மில்களில் மதிப்புக் கூடியது. காற்றால் ஊடையை வீசும் தறி ஓடுகிற வேகத்தில், நீட்சி குறைந்த பாவு ஒரு ஷிப்டுக்குள் தன் கதையைச் சொல்லிவிடும். ஊஸ்டரின் டென்சோஜெட் போன்ற கருவிகள் நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகத்தில் இழுத்து, மணிக்கு 30,000 துண்டுகளை அறுத்துப் பார்க்கின்றன. இன்று மில்லின் சோதனை அறிக்கையில் சி.எஸ்.பி.யோடு, ஒற்றை இழையின் வலிமையைச் சொல்லும் ஆர்.கே.எம்.மும் எலாங்கேஷனும் சேர்ந்தே வருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கி, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கத்தில் இயற்கை இழைகளைப் பிசினோடு சேர்த்துக் கூட்டுப்பொருள் செய்யும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. அத்தகைய பொருள் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் நீள்வதால், இரண்டு முனைக்கு நடுவே ஒற்றை எண் சொல்லும் கருவியைவிடப் பரப்பு முழுவதையும் காட்டும் கேமராவே அதற்குப் பொருந்தும்.

ஒற்றை நூல் சோதனையில் பெரும்பாலான இயந்திரங்கள் இன்றும் தாடையின் நகர்வையே நீட்சியாகப் பதிகின்றன. ஒரே இயந்திரத்தில் ஒரே முறையில் எடுத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். இரண்டு மில்களின் எண்களை ஒப்பிடப் போதாது. நூலோ பேண்டேஜ் துணியோ வாங்குபவர்கள் எலாங்கேஷன் எண்ணைப் பார்த்ததும் மூன்றைக் கேட்டுப் பெறவேண்டும்: சோதித்த துண்டின் நீளம், சோதனை அறையின் ஈரப்பதம், நீட்சியைத் தாடையின் நகர்விலிருந்து எடுத்தார்களா, நூலின் மேல் போட்ட குறியிலிருந்து எடுத்தார்களா என்பது.